வைப்பர் எட்டாத மூலை

என் கணவர் பதினோரு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். பின்னாலேயே கப்பலில் ஒரு கார் வந்தது. ஜப்பான் கார். அப்போதே பதினைந்து வயது தாண்டிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். கடுகு நிறம், இரண்டே கதவு, பாதி நீளம் பானெட்டுக்கே போய்விட்டது. உள்ளே ஏறி உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். எதிரே பஸ் வந்தால் அதன் சக்கரத்து நட்டுகளை எண்ணிக்கொள்ளலாம்.

இதை எதற்குக் கொண்டுவந்தாய் என்று அவரிடம் கேட்காத ஆள் கேரள எல்லையோரத்து எங்கள் பாறசாலையில் இல்லை. நானும் கேட்டேன். வாடகைக்கு ஓடுகிற ஜீப் ஒன்று வாங்கியிருந்தால் பிழைப்புக்காவது ஆகியிருக்கும். அவருக்கு அதன்மேல் பைத்தியம், வேறு காரணம் இல்லை. அங்கே ஓர் ஆபீஸர் வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து ஏங்கி, அந்த ஆள் தன் நாட்டுக்குத் திரும்பும்போது கெஞ்சி வாங்கியது. எனக்கு எழுதிய கடிதங்களில்கூட முதல் பத்தி சுகம் விசாரிப்பு, மிச்சமெல்லாம் கார்தான். அதை நான் மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு மாத லீவில் வந்து போன மனிதர் அவர். அந்த ஒரு மாதமும் சர்ச் சபைக்காரர்கள், சொந்தக்காரர்கள், விருந்துகள் என்றே போய்விடும். திரும்பி வந்து வீட்டோடு இருக்கத் தொடங்கியபோது எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிறவள். அவரோ காலையிலிருந்து அந்தக் காருக்கு அடியில் கிடப்பவர். சாப்பாடு போட்டாச்சு, சரி, உப்பு போதுமா, போதும். இவ்வளவுதான் பேச்சு.

எங்களைப் பேச வைத்தது அந்தக் காரின் ஒரு குறைதான். வளைகுடாவில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுமாம். அதனால் இந்தக் காருக்கு ஸ்டீரிங் இடது பக்கம். நம் ஊரில் அதை வைத்துக்கொண்டு முன்னால் போகிற பஸ்ஸை முந்த முடியாது. டிரைவர் இடது ஓரத்தில் இருப்பதால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வலது பக்கம் இருக்கிற ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் உதியன்குளங்கரையில் ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது அவர் என்னைப் பார்த்து, வண்டி ஏதும் வருதா என்று கேட்டார். நான் கழுத்தை நீட்டிப் பார்த்து, “உண்டு” என்றேன். கொஞ்சம் கழித்து, “இல்ல, எடுங்க” என்றேன். அவர் எடுத்தார். அந்தக் கார் அப்படியொரு சீறலோடு பாய்ந்தது. என் வயிறு பின்னாலேயே நின்றுபோன மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது.

அதிலிருந்து அவர் எங்கே போனாலும் நானும் போக வேண்டியதாயிற்று. சனி, ஞாயிறு, பள்ளிக்கூட லீவு எல்லாம் அந்த வலது சீட்டில்தான். ஒற்றசேகரமங்கலத்தில் குடும்பத்து ரப்பர் தோட்டம் உண்டு. அங்கே போகிற வளைவுகளில் நான் சொல்ல, அவர் எடுக்க, நான் சொல்ல, அவர் நிறுத்த என்று போவோம். சண்டை போட்டுக்கொண்டு முகம் திருப்பி உட்கார்ந்திருக்கும் நாளிலும் உண்டு, இல்ல என்ற இரண்டு சொல் மட்டும் நிற்காது. நெய்யாற்றின்கரை போய்ச் சேர்வதற்குள் அந்த இரண்டு சொல்லே சண்டையைத் தீர்த்துவிடும். கோபத்தோடு உண்டு என்று சொல்லிப் பாருங்கள், மூன்றாவது தடவை கோபம் தானாகவே போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பங்களில் காரில் முன் சீட்டு ஆம்பிளைகளுக்கு, அதிலும் மூத்தவர்களுக்கு. பொம்பிளைகள் பின்னால்தான். இரண்டு கதவு வண்டியில் பின்னால் போவது என்றால் முன் சீட்டை மடக்கி, குனிந்து, சேலையைச் சுருட்டிக்கொண்டு நுழைய வேண்டும். பெரியத்தான், அதாவது என் கணவரின் அண்ணன், குடும்பத்துக்கு மூத்தவர். அவரையே பின்னால் உட்கார வைத்துவிட்டு நான் முன்னால் உட்கார்ந்தேன். அவரும் ஒருநாள் முன்னால் ஏறிப் பார்த்தார். எதிரே வண்டி வந்து கடந்து போன பிறகு, “ஒண்ணு வந்துச்சுடே” என்றார். அதோடு அவரைப் பின்னால் அனுப்பிவிட்டோம். வெளியே அவர் அதைச் சும்மா விடவில்லை. களியக்காவிளைச் சந்தையில் நாலு பேர் முன்னால் வைத்து, “எலே, வீட்டுக்காரி உத்தரவு தந்தாத்தான் ஒனக்க வண்டி நகருமோ?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஆனால் உள்ளே பெருமையாக இருந்தது. ஆமாம், என் உத்தரவுதான், அதற்கென்ன என்று தோன்றியது.

அந்தக் காரை ஓட வைப்பது லேசான வேலையா என்ன. ஒரு சாமான் கிடைக்காது. பெருங்கடவிளையில் ஒரு மேஸ்திரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். எது கெட்டாலும், ஒப்பிச்சுத் தாறேன் என்பார், எப்படியாவது சரிக்கட்டி ஒப்பிச்சும் தருவார். நம் வெயிலுக்கு இன்ஜின் கொதித்தபோது ரேடியேட்டரைப் பிரித்து இன்னொரு வரிசைக் குழாய் வைத்துப் பற்றவைத்துத் தந்தார். எங்கள் ஊர்க் குழிகளில் அடி தட்டுகிறது என்று ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டை ரப்பர் வைத்து இரண்டு விரல் உயர்த்தினார். அந்தக் காருக்கு இரட்டைக் கார்பரேட்டர். ஒன்று கூடினால் இன்னொன்று குறையும். இரண்டையும் ஒத்துப்போக வைக்க என் கணவர் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் பீச்சுகிற ஜெட்டுகளை மண்ணெண்ணெயில் போட்டு வைக்க என் அலுமினியக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனதற்கு நான் போட்ட சத்தம் அதியன்னூர் வரை கேட்டிருக்கும். பிறகு நானே அந்த ஜெட்டுகளை என் ஊசியால் சுத்தம் செய்து கொடுத்தேன். தலைமுடி பருமனுள்ள அந்த ஓட்டைகளுக்கு அவருடைய விரல்கள் ஒத்துவராது.

மழைக்காலத்தில் என் பக்கம் ஒரு தொல்லை உண்டு. அதன் வைப்பர்கள் இடது பக்கத்து டிரைவருக்காக வைத்தவை. வலது ஓரத்தில் படுத்துக் கிடந்து, மேலே எழுந்து இடது பக்கமாகச் சாய்ந்து துடைக்கும். அவர் பக்கம் கண்ணாடி ஓரம் வரை பளிச்சென்று இருக்கும். என் பக்கத்து மேல் மூலையில் ஒரு பெரிய முக்கோணத்துக்கு வைப்பர் எட்டவே எட்டாது. அங்கே தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அதன் வழியாக வருவது லாரியா தென்னை மரமா என்று தெரியாது. நான் கண்ணாடியை இறக்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தலையை வெளியே நீட்டிப் பார்த்துத்தான் சொல்வேன். என் கணவர் அதை என் ஆர்வக் கோளாறு என்று நினைத்துச் சிரிப்பார். ஆமை என்று பேர்கூட வைத்தார். நான் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால், அப்போ மழையில் நீ வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம்.

இப்படி மூன்று வருடத்துக்கு மேல் போனது. ஒரு நாள் மேஸ்திரி வலது பக்கத்துக் கால் மிதியைத் தூக்கிப் பார்த்தபோது, கீழே தகட்டில் மூடிபோட்ட ஓட்டைகள் இருந்தன. ஜப்பானிலும் நம்மைப் போலத்தான் ஓட்டுகிறார்களாம், ஸ்டீரிங்கை வலது பக்கம் வைக்கவும் இடம் விட்டே அந்த வண்டியைச் செய்திருக்கிறார்களாம். வலது பக்கத்து ஸ்டீரிங் பெட்டி ஒன்று கிடைத்தால் மாற்றிவிடலாம் என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. என் கணவர் வாங்கிக்கொண்டார். மலேசியாவில் இருந்த சபைக்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்த நாட்டிலும் அதே கார் வலது ஸ்டீரிங்கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவருடைய பெட்டியில் துணிகளுக்கு நடுவே அந்த இரும்புச் சாமான் வந்து இறங்கியது.

எதற்கு இப்போது இந்த வேலை, நன்றாகத்தானே ஓடுகிறது என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல், “மாத்தணும், அவ்வளவுதான்” என்றார். நான் புரிந்துகொண்டேன், அல்லது புரிந்துகொண்டதாக நினைத்தேன். சந்தைச் சிரிப்பு நாலு வருடம் கழித்து வேலை செய்கிறது, பொண்டாட்டி சொல்லிக் கார் ஓட்டுகிறவன் என்ற பேரை அழிக்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஸ்டீரிங் அந்தப் பக்கம் போனால் என் சீட்டு போச்சு. சீட்டு போனால் அந்த இரண்டு சொல்லும் போச்சு. பிறகு மறுபடியும் உப்பு போதுமா, போதும் என்ற பேச்சுதான். எனக்கு அழுகையாக வந்தது. கேட்டு வாங்க ரோசம் விடவில்லை.

வேலை கும்ப மாதத்தில், அதாவது மாசியில் தொடங்கி, மேடத்தில், சித்திரையில் முடிந்தது. ஒரு மழை இல்லை. எங்கள் பக்கத்தில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெயில் தொடங்கினதும் வைப்பரைக் கழற்றிப் பழைய பேப்பரில் சுருட்டி டிக்கியில் போட்டுவிடுவார்கள், ரப்பர் வெயிலில் கெட்டுப்போகாமல் இருக்க. இடவத்தில், அதாவது வைகாசியில், பெருமழை தொடங்கும்போதுதான் அதை மறுபடியும் மாட்டுவார்கள். என் கணவரும் அப்படித்தான். அதனால் ஸ்டீரிங்கை மாற்றினார்கள், பெடல்களை மாற்றினார்கள், தச்சரைக் கொண்டு மரத்தில் புது டேஷ்போர்டு செய்து அதற்கு ரெக்ஸின் போர்த்தினார்கள். வைப்பரை ஒருவரும் நினைக்கவில்லை. இனி டிரைவருக்கு முன்னால் வரப்போகிற அந்த மூலை நனைந்தே கிடக்கும் என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான், ஏனென்றால் நாலு மழைக்காலமும் அதன் பின்னால் உட்கார்ந்தவள் நான்.

எல்லாம் முடிந்து வண்டியைப் பார்க்கப் போனபோது மேஸ்திரி, “வேற வல்லதும் உண்டோ டீச்சரே?” என்று என்னிடமே கேட்டார். நான் ஒன்றும் இல்லை என்றேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது. முதல் தூறலில் வீட்டு முற்றத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும், ஐயோ, பக்கத்தில் நீ வேணும் என்று கூப்பிடுவார் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். நன்றாகத் தவிக்கட்டும் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

அடுத்த மூன்று வாரம் பெரியத்தான் முன் சீட்டில் போனார். நான் ஒன்றிரண்டு தடவை பின்னால் நுழைந்து உட்கார்ந்தேன். என் கணவர் தானே பார்த்து, தானே எடுத்து, தானே முந்தினார். ஒன்றும் கேட்கவில்லை. பெரியத்தான் அவருக்கு ரப்பர் விலை சொல்லிக்கொண்டு வந்தார்.

இடவம் பாதியில் நெய்யாற்றின்கரையில் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம். காலையில் வானம் மூடிக் கிடந்தது. அவர் டிக்கியிலிருந்து பேப்பர்ச் சுருளை எடுத்து வைப்பர்களை மாட்டினார். நான் கையில் நேந்திரன் வாழைக்குலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்போது பெரியத்தான் முன் சீட்டை எனக்காக மடக்கிப் பிடித்துக்கொண்டு, கதவை இடிக்காமல் ஏறு என்றார். நான் வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

உதியன்குளங்கரை தாண்டி, அமரவிளைப் பாலத்துக்கு முன்னால், சாலை வலது பக்கம் வளைகிற இடத்தில் மழை கொட்டியது. தூறல் எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பில் பெருமழை. வைப்பர்கள் தங்கள் பழக்கப்படி இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து பெரியத்தான் முகத்துக்கு நேரே துடைத்தன. என் கணவர் முன்னால் அந்த முக்கோணம் வழிந்துகொண்டிருந்தது. அவர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் மரத்தடி ஏற்றிய ஒரு லாரி மெதுவாக ஊர்ந்தது. வண்டியை ஓரம் கட்டுவார் என்று நினைத்தேன். அவர் முந்துவதற்காக வெளியே எடுத்தார்.

நான் பின் சீட்டின் நடுவில் இருந்தேன். நடுக் கண்ணாடி துடைத்துத்தான் இருந்தது. அதில் இரண்டு விளக்கு தெரிந்தது, மிகவும் பக்கத்தில்.

“உண்டு” என்றேன்.

நாலு வருடப் பழக்கம் அவர் காலில் இருந்தது. என்ன உண்டு, எங்கே உண்டு என்று பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒடித்தார். பின்பக்கம் லேசான வண்டி, நனைந்த சாலையில் வால் சுற்றிக்கொண்டது. எதிரே வந்த லாரி ஹாரனை அழுத்தியபடி எங்கள் வலது பக்கத்தை உரசுகிற தூரத்தில் போனது. எங்கள் கார் ஓரத்து ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. பெரியத்தான் நெற்றி புது டேஷ்போர்டில் இடித்து வீங்கியிருந்தது. குலையிலிருந்து பழங்கள் சிதறிக் கிடந்தன. யாருக்கும் வேறு ஒன்றும் இல்லை.

அவர் இறங்கி மழையிலேயே நின்றார். வைப்பர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். வலது மூலையில் விரலை வைத்துத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஆமைத் தலையும் துண்டும் அவருக்கு நினைவு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நானும் இறங்கினேன். “எனக்குத் தெரியும். ஸ்டீரிங்க மாத்துனப்பமே தெரியும். வேணும்னுதான் சொல்லல்ல” என்றேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவர் கத்தவில்லை. “எதுக்குடி சொல்லல்ல?” என்று கேட்டார்.

என் சீட்ட நீங்க அண்ணனுக்குக் கொடுத்தீங்க, ஆள்கள் சிரிக்கிறாங்கன்னு என்னைப் பின்னால தள்ளினீங்க என்று சொல்லி, நடுச் சாலையில் நின்று அழுதேன். டீச்சர் அழுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பஸ் முழுக்க ஆள் போனது.

அவர் முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுச் சொன்னார். “சிரிப்புக்காக்கும் மாத்தினேன்னு நெனச்சியா? ஒவ்வொரு வண்டிய முந்தும்போதும் நான் முதல்ல வெளிய நீட்டினது ஒன்னயாக்கும் மக்கா. ஒரு லாரி வந்தா ஒன் மேலதான் ஏறும், நான் இந்தப் பக்கம் சொகமா இருப்பேன். நாலு வருசமா அத நெனச்சு எனக்கு ஒறக்கம் இல்ல. அந்தப் பக்கம் நான் இருக்கணும்னுதான் மாத்தினேன்.”

அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீ பயந்து காரிலேயே ஏறமாட்டாய் என்று நினைத்தேன் என்றார்.

மழையில் நான் காரணம் சொல்லாமல் இருந்ததும் இதே பயத்தில்தான். பதினோரு வருடம் கடிதத்திலும் நாலு வருடம் பக்கத்துச் சீட்டிலும் இருந்துவிட்டு, ஒருவரை ஒருவர் இழந்துவிடுவோமோ என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். அந்த வலது சீட்டு ஆபத்தான இடம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. என் உத்தரவுக்கு வண்டி நகர்கிறது என்ற பெருமையில் அதெல்லாம் எங்கே தோன்றும். இந்த மனிதர் அதை நினைத்து உறங்காமல் கிடந்திருக்கிறார். நான் அவரை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்திலிருந்து வந்த நாலு பேர் காரைத் தூக்கிச் சாலையில் வைத்தார்கள். பெரியத்தான் நெற்றியில் மடித்த கைலேஞ்சித் துணியை அமுக்கியபடி, ஒருவரும் சொல்லாமலேயே முன் சீட்டை மடக்கி, குனிந்து, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய் நேந்திரன் பழங்களுக்கு நடுவே உட்கார்ந்தார். சீட்டை நிமிர்த்தி வைத்து, “நீ ஏறு பிள்ள” என்றார். நான் முன்னால் ஏறினேன். அது இப்போது இடது பக்கம். கண்ணாடி ஓரம் வரை பளிச்சென்று இருந்தது.

அமரவிளைப் பாலத்தைத் தாண்டினதும் ஒரு பஸ் எங்களுக்கு முன்னால் மெதுவாகப் போனது. அவர் என்னைக் கேட்டார். சாலை நேராக இருந்தது. அந்த நேரத்தில் மழையும் கொஞ்சம் விட்டிருந்தது. நான் அவர் பக்கமாகச் சாய்ந்து, துடைத்த கண்ணாடி வழியாக நன்றாகப் பார்த்து, “இல்ல, எடுங்க” என்றேன்.

அவர் எடுக்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார். இன்னொரு தடவை இல்ல என்றேன். காதில் விழுந்தது என்றார். மேஸ்திரியிடம் ஒன்றும் இல்லை என்று சொன்னவளுடைய இல்ல அல்லவா அது. நெய்யாற்றின்கரை வரைக்கும் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போனோம். நாங்கள் போய்ச் சேரும்போது நிச்சயம் முடிந்து இலை போட்டிருந்தார்கள்.